வீசிய சீட்டில் பரிசு இருக்குமா? மெஷினில் மிஞ்சிய கிரெடிட்டை எடுக்கலாமா?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் சிங்கப்பூர் பூல்ஸ் (இங்குள்ள லாட்டரி நிறுவனம்) கடை வாசலில் கிடக்கும் 4டி, டோட்டோ லாட்டரிச் சீட்டுகளைப் பொறுக்கிப் பார்த்தால், யாராவது கவனிக்காமல் விட்ட பரிசு அகப்படுமா என்பது ஒன்று. காசினோவில் ஆள் எழுந்து போன ஜாக்பாட் மெஷினில் மிச்சம் நிற்கும் கிரெடிட்டை நாம் எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. கேட்ட தம்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருந்தாலும் பதில் வேறு வேறு. சீட்டில் பணம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் பொறுக்குகிறவர் கைக்கு வருவது சொற்பம். மெஷினில் நிற்பது அடுத்தவர் பணம். அதில் கை வைத்தால் போலிஸ் வழக்கு வரும், வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்குப் பிழைப்பே போகும்.

சீட்டிலிருந்து தொடங்குவோம். பரிசு விழுந்த சீட்டை ஒருவர் ஏன் வீசுகிறார் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

4டி என்பது நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டுவது. ஒரு குலுக்கலுக்கு 23 எண்கள் வரும். முதல் மூன்று பரிசு, 10 ஸ்டார்ட்டர், 10 கன்சொலேஷன். பெரும்பாலானோர் முதல் மூன்றைத்தான் பார்க்கிறார்கள். கோப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் முதல் பரிசு எண்ணைச் சொன்னதும், தன்னுடையது இல்லை என்று சீட்டைக் கசக்கிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் 23இல் 20 எண்கள் அந்த மூன்றுக்குக் கீழேதான் இருக்கின்றன. 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிக் என்ற வகையில் கட்டியவருக்கு ஸ்டார்ட்டரில் 250 வெள்ளி, கன்சொலேஷனில் 60 வெள்ளி. ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகமான தொகை இப்படிக் குப்பைக்குப் போகிறது.

சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பிக்குக்கு எவ்வளவு, ஸ்மாலுக்கு எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். பிக் என்றால் 23 எண்ணுக்கும் பரிசு உண்டு: முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. ஸ்மால் என்றால் முதல் மூன்றுக்கு மட்டும்தான்: 3,000, 2,000, 800. ஸ்மால் மட்டும் கட்டிய எண் ஸ்டார்ட்டரில் வந்தால் ஒரு காசும் கிடையாது. இதைத் தெரியாமல் கவுண்டரில் வாக்குவாதம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், பிக் கட்டியதை மறந்து சீட்டை வீசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது, எண்ணை மாற்றி மாற்றிக் கட்டும் வகைகள். 1234 என்று ஐ-பெட் கட்டியிருந்தால் அந்த நான்கு இலக்கமும் எந்த வரிசையில் வந்தாலும் பரிசு உண்டு; 1 வெள்ளிதான் செலவு, ஆனால் நான்கும் வேறு வேறு இலக்கமாக இருந்தால் பரிசு 24இல் ஒரு பங்காகக் குறையும். அதையே சிஸ்டம் என்று கட்டினால் 24 வெள்ளி செலவு, முழுப் பரிசு. ரோல் என்றால் மூன்று இலக்கம் நிலையாக நிற்கும், ஓர் இடத்தில் 0 முதல் 9 வரை பத்தும் சேரும். இந்த மூன்று வகையிலும் சீட்டில் அச்சான எண் அப்படியே முடிவுப் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. 4231 என்று வந்திருப்பதை 1234 வைத்திருக்கிறவர் கண்ணால் தாண்டிப் போய்விடுவார். நண்பருக்காக வாங்கிக் கொடுத்த சீட்டு என்றால் அது எந்த வகை என்பதே வாங்கிக்கொண்டவருக்குத் தெரிந்திருக்காது.

தேதிக் குழப்பமும் உண்டு. 4டி குலுக்கல் புதன், சனி, ஞாயிறு, மாலை 6.30 மணிக்கு. டோட்டோ திங்களும் வியாழனும். சனிக்கிழமை மாலை விற்பனை மூடிய பிறகு வாங்கிய 4டி சீட்டு ஞாயிற்றுக்கிழமைக்குரியது. அதைச் சனிக்கிழமை முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்து வீசிவிட்டால், குலுக்கலே நடக்காத சீட்டு குப்பையில் கிடக்கும். பல குலுக்கலுக்குச் சேர்த்து எடுத்த டோட்டோ சீட்டிலும் இதே கதைதான். முதல் குலுக்கலில் ஒன்றும் வரவில்லை என்றதும் மீதிக் குலுக்கல்களை மறந்துவிடுகிறார்கள்.

டோட்டோவில் தவறு வேறு மாதிரி. 49 எண்ணில் 6 வரும், கூடவே ஒரு கூடுதல் எண். மூன்று எண் பொருந்தினாலே 10 வெள்ளி. மூன்றோடு கூடுதல் எண்ணும் இருந்தால் 25. நான்கு பொருந்தினால் 50. இந்த மூன்றும் நிலையான தொகை; அதற்கு மேலே உள்ள நான்கு பிரிவுகளும் வசூலைப் பொறுத்து மாறும். ஆறும் வந்தால்தான் பரிசு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று எண் பொருந்துவதற்கான வாய்ப்பு 61இல் ஒன்று. அதாவது பத்து வெள்ளிப் பரிசு அடிக்கடி விழுகிற பரிசு, அதனால்தான் அடிக்கடி தவறவிடப்படுகிற பரிசும் அதுவே. ஒரே சீட்டில் நாலைந்து வரிசை குவிக்பிக் (எண்ணை மெஷினே தேர்ந்தெடுப்பது) எடுத்தவர் முதல் வரிசையை ஒழுங்காகப் பார்ப்பார், கடைசி வரிசைக்கு வருவதற்குள் பொறுமை போயிருக்கும்.

சிஸ்டம் டோட்டோவில் பணம் பெருகுவது பலருக்குத் தெரியாது. சிஸ்டம் 7 என்றால் ஏழு எண், அதற்குள் ஆறாறு எண்ணாக ஏழு சேர்க்கை, 7 வெள்ளி. அந்த ஏழில் மூன்று எண் பொருந்தினால் பரிசு 10 வெள்ளி அல்ல. மூன்றும் அடங்கிய சேர்க்கை நான்கு இருக்கிறது, ஆகவே 40 வெள்ளி. நான்கு பொருந்தினால் 50 வெள்ளிப் பரிசு மூன்று, 10 வெள்ளிப் பரிசு நான்கு, ஆக 190. சிஸ்டம் 8இல் மூன்று பொருந்தினால் பத்துச் சேர்க்கை, 100 வெள்ளி. இவையெல்லாம் கூடுதல் எண் இல்லாத கணக்கு. அதுவும் சேர்ந்தால் தொகை இன்னும் ஏறும். பத்து வெள்ளிதானே, அதற்காக எதற்கு வரிசையில் நிற்பது என்று சிஸ்டம் 8 சீட்டை விட்டுவிடுகிறவர் 100 வெள்ளியை விடுகிறார்.

சிங்கப்பூர் ஸ்வீப் என்ற லாட்டரி மாதம் ஒரு முறை, முதல் புதன்கிழமை. ஏழு இலக்க எண்ணை முழுவதும் ஒப்பிட்டுவிட்டுக் கிழித்துப் போடுகிறார்கள். கடைசி இரண்டு இலக்கம் பொருந்தினாலே 6 வெள்ளி கிடைக்கும் 2டி டிலைட் பரிசைப் பலர் பார்ப்பதே இல்லை. பந்துப் பந்தயச் சீட்டில் வேறு சிக்கல். ஆட்டம் ரத்தாகிக் கட்டிய பணம் திரும்ப வரவேண்டியதாக இருக்கும். பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டியதில் ஒன்று மட்டும் ரத்தானால், அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு மீதிக் கணக்கு உயிரோடு இருக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு என்று நினைத்துச் சீட்டை வீசிவிடுவார்கள்.

இவ்வளவு வழியில் பரிசு தவறுகிறது என்றால், கடை வாசலில் குனிந்து பொறுக்கினால் நல்ல பணம் வருமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

யாருமே சரிபார்க்காத 1 வெள்ளி டோட்டோ வரிசை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10, 25, 50 வெள்ளிப் பரிசுகளை அவற்றின் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால் அதன் மதிப்பு சுமார் 24 காசு. ஆனால் வாசலில் கிடக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை சரிபார்த்த பிறகு வீசியவை. இருபதில் ஒன்று சரியாகப் பார்க்காமல் வீசியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போது பொறுக்கிய ஒவ்வொரு வரிசைக்கும் சராசரி மதிப்பு ஒரு காசு சொச்சம். ஆயிரம் வரிசை பார்த்தால் 12 வெள்ளி. ஒரு வரிசைக்கு 15 விநாடி என்றாலும் ஆயிரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். பொறுக்குகிற நேரம், தேதிவாரியாகப் பிரிக்கிற நேரம் எல்லாம் தனி. மணிக்கு மூன்று வெள்ளிகூடத் தேறாது.

4டியில் இன்னும் ஏற்ற இறக்கம் அதிகம். ஓர் எண் 23இல் ஏதாவது ஒன்றாக வரும் வாய்ப்பு 10,000இல் 23, அதாவது 435இல் ஒன்று. முதல் மூன்று பரிசை யாரும் அவ்வளவு எளிதில் தவறவிடுவதில்லை. ஸ்டார்ட்டர், கன்சொலேஷன் இரண்டையும் சேர்த்தால், சரிபார்க்காத 1 வெள்ளி பிக்கின் மதிப்பு 31 காசு. இருபதில் ஒன்று என்ற அதே கணக்குப்படி, பொறுக்கிய எண் ஒன்றுக்கு ஒன்றரைக் காசு. பல வாரம் ஒன்றுமே அகப்படாது, ஒரு நாள் 60 வெள்ளியோ 250 வெள்ளியோ அகப்படும். அந்த ஒரு நாள்தான் ஆளைத் தொடர்ந்து குனிய வைக்கிறது. சூதாட்டத்தில் எது பிடித்து வைக்கிறதோ அதே பிடிதான் இதிலும்.

2016 அக்டோபரிலிருந்து பூல்ஸ் இணையக் கணக்கு வழியாகவும் 4டி, டோட்டோ கட்டலாம். அதில் பரிசு தானாகக் கணக்கில் சேர்ந்துவிடும், வீசுவதற்குச் சீட்டே இல்லை. காகிதச் சீட்டு எடுப்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்தால் வாசலில் கிடப்பதும் குறையும். சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் ஹொங்பாவ் என்ற சிறப்பு டோட்டோ குலுக்கல் சமயத்தில் மட்டும் குவியும்; வருடத்தில் ஒரே ஒரு முறை டோட்டோ எடுக்கிறவர்கள் அப்போதுதான் வருவார்கள், விதிமுறை தெரியாதவர்களும் அவர்களே.

வெளிநாட்டில் சிலர் இதையே தொழிலாக வைத்துப் பிழைத்தார்கள் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். நியூயார்க் நகரின் அரசாங்கக் குதிரைப் பந்தயக் கடைகளில் வீசிய சீட்டுகளைச் சேகரித்து ஆண்டுக்கு 45,000 அமெரிக்க டாலருக்கு மேல் எடுத்த ஒருவரைப் பற்றி 2010இல் அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. அது நடந்ததற்குக் காரணம் குதிரைப் பந்தயத்தின் தன்மை. ஒரே நாளில் பல ஊர்ப் பந்தயங்கள், முதல் குதிரை மட்டுமின்றி இரண்டாவது மூன்றாவதுக்கும் பணம், கடைசி நேரத்தில் விலகிய குதிரைக்குத் திரும்பக் கிடைக்கும் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக முறையீடு. பந்தயம் முடிந்ததும் தோற்ற ஆத்திரத்தில் சீட்டை வீசுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து முன்னால் வந்த குதிரை இடைஞ்சல் செய்தது என்று நடுவர்கள் வரிசையை மாற்றுவார்கள். வீசிய சீட்டு அப்போது பரிசுச் சீட்டாகிவிடும். அந்தக் கடைகளும் 2010 டிசம்பரில் மூடப்பட்டன. நம்மூரில் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி ஓடியது. 1842இல் தொடங்கிய கழகம் நடத்திவந்த உள்ளூர்ப் பந்தயம் அதோடு முடிந்தது. வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் பூல்ஸ் வழியாகக் கட்டலாம், ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே மேடையில் நின்று சீட்டை வீசும் இடம் இங்கே இப்போது இல்லை.

இனிச் சட்டம். கீழே கிடந்ததுதானே என்று எல்லாரும் சொல்வார்கள். சிங்கப்பூர் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, அடுத்தவர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கண்டெடுத்த பொருளுக்கு அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. உரியவர் யார் என்று தெரிந்திருந்தாலோ, தெரிந்துகொள்ள வழியிருந்தாலோ, நியாயமான முயற்சி செய்யாமல் எடுத்துக்கொண்டால் குற்றம். சட்டமே தரும் உதாரணங்கள் இரண்டைப் பாருங்கள். சாலையில் கிடக்கும் ஒரு வெள்ளியை, யாருடையது என்று தெரியாமல் எடுப்பவர் குற்றம் செய்யவில்லை. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடாமல் உடனே விற்றுவிடுபவர் குற்றம் செய்கிறார். பரிசுச் சீட்டு இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது தொகையையும் கிடந்த விதத்தையும் பொறுத்தது.

கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்ட சீட்டு, போட்டவர் வேண்டாம் என்று விட்டது. மடித்து வைத்த வாக்கில் நாற்காலியில் கிடப்பது தவறவிட்டது. பின்பக்கம் பேரோ கைப்பேசி எண்ணோ எழுதியிருந்தால், உரியவரைத் தெரிந்துகொள்ளும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. படிவம் நிரப்பும் மேசையில் ஒருவர் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போயிருந்தால், அதை எடுப்பது நேரடியாகத் திருட்டு. 379ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. தொகை சிறியது என்பதால் குற்றம் இல்லாமல் போகாது.

பத்து வெள்ளிச் சீட்டை யாரும் தேடி வரமாட்டார்கள் என்று நினைக்கலாம். பெரிய தொகை அகப்பட்டால் நிலைமை அப்படியில்லை. ஒவ்வொரு சீட்டிலும் வரிசை எண் இருக்கிறது. அதை வைத்து எந்தக் கடையில் விற்றது என்று பூல்ஸால் சொல்ல முடியும். டோட்டோ முதல் பரிசு விழுந்தால் எந்தக் கடை, குவிக்பிக்கா சிஸ்டமா என்று அவர்களே வெளியிடுகிறார்கள். கடையில் சிசிடிவி இருக்கிறது. வாங்கியவர் போலிஸில் புகார் கொடுத்தால், சீட்டைக் கொண்டுவந்தவர் முகம் தெரியாமல் போவதற்கில்லை. ஆகவே சாலையிலோ ரயிலிலோ மடித்த சீட்டு ஒன்று கிடைத்து, அதில் நூற்றுக்கணக்கில் பரிசு இருப்பதாகத் தெரிந்தால், பணமாக்கப் போகாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்தில் எங்கே எப்போது கிடைத்தது என்று சொல்லி ஒப்படைத்து, அதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். கடைக்குள் கிடந்தது என்றால் கவுண்டரில் கொடுங்கள். தங்குவிடுதி அறையில் கிடைத்தது என்றால் அது அறைத்தோழர் ஒருவருடையது, கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமல் எடுத்து, பின்னால் தெரியவந்து, பல வருடத்துச் சிநேகம் முறிவது பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

குப்பைத்தொட்டியைக் கிளறுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே சிதறினால் குப்பை போட்ட குற்றத்துக்கு அபராதம் உங்களுக்கு வரும். கடைக்குள் இருக்கும் தொட்டி கடைக்காரர் இடத்தில் இருப்பது. வெளியே போகச் சொன்னால் போகத்தான் வேண்டும்.

காசினோவுக்கு வருவோம். இங்கே நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: எடுக்காதீர்கள்.

மெஷினில் பணம் எப்படி மிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள். இப்போதைய மெஷின்களில் காசு கொட்டுவதில்லை. நோட்டைச் செருகினால் திரையில் கிரெடிட்டாக ஏறும். எழுந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் பார்கோடு போட்ட வவுச்சர் வரும். அதை வேறு மெஷினில் செருகலாம், அல்லது பணமாக மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் மிஞ்சும் கிரெடிட் குறைந்தபட்சப் பந்தயத்துக்குப் போதாவிட்டால், சிலர் வவுச்சர்கூட எடுக்காமல் எழுந்துவிடுவார்கள். திரையில் 250 என்று நின்றால் அது 250 வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காசு மெஷினில் 250 கிரெடிட் என்பது 2 வெள்ளி 50 காசு. அங்கே விட்டுப் போவது பெரும்பாலும் சில்லறைதான்.

பெரிய தொகை நின்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும். ஆள் கழிவறைக்குப் போயிருப்பார், புகைக்கப் போயிருப்பார், நண்பரைக் கூப்பிடப் போயிருப்பார். நாற்காலியில் சட்டையோ, மெஷின் மேல் தண்ணீர்ப் போத்தலோ இருக்கலாம். உறுப்பினர் அட்டை செருகியபடியே இருந்தால், இந்தக் கிரெடிட் இன்னாருடையது என்று மெஷினுக்கே தெரியும். உரியவரைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று பிறகு யாரிடமும் சொல்ல முடியாது. ஊழியரை அழைக்கும் பொத்தான் மெஷினிலேயே இருக்கும்போது அந்த வாதம் எடுபடாது.

பிடிபடும் வழியும் எளிது. ஒவ்வொரு மெஷினும் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறியது, எப்போது வவுச்சர் அச்சானது என்று பதிவு வைத்திருக்கிறது. வவுச்சரில் மெஷின் எண்ணும் நேரமும் இருக்கிறது. அது எங்கே, எப்போது பணமாக்கப்பட்டது என்பதும் பதிவாகிறது. தலைக்கு மேல் கேமரா இல்லாத இடமே கிடையாது. நுழைவாயிலில் கடப்பிதழையோ அடையாள அட்டையையோ காட்டித்தான் உள்ளே போயிருப்பீர்கள். ஆக, திரும்பி வந்த ஆள் என் கிரெடிட் எங்கே என்று கேட்ட கொஞ்ச நேரத்தில் எடுத்தவர் முகமும் பேரும் மேசைக்கு வந்துவிடும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தது தண்டனை விதிக்கும்போது கணக்கில் வரலாம், குற்றம் நடந்ததை அழிக்காது. மெஷினில் செருகி ஆடித் தோற்றுவிட்டேன் என்பதும் எடுத்ததற்குப் பதிலாகாது. தரையில் கிடக்கும் சில்லுக்கும் (காசினோவில் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) இதே கதிதான். பக்கத்து ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கணக்கு ஆரம்பத்திலேயே உதைக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து மரினா பே சேண்ட்ஸ், ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா இரண்டிலும் 24 மணி நேர நுழைவுக் கட்டணம் 150 வெள்ளி, ஆண்டுக்கு 3,000. சில்லறை பொறுக்க 150 வெள்ளி கட்டி உள்ளே போக முடியுமா? பொது உதவி பெறுவோரும் திவால் நிலையிலிருந்து விடுபடாதோரும் உள்ளே போகவே தடை. அந்தக் கட்டணம் வெளிநாட்டவருக்கு இல்லை, அதனால்தான் இந்த ஆசை வெளிநாட்டு ஊழியர்களிடம் எழுகிறது. ஆனால் இழக்க அதிகம் இருப்பதும் அவர்களிடம்தான். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனே தீராத நிலையில், 40 வெள்ளி வவுச்சருக்காக வழக்கு என்று வந்தால், விசாரணை முடியும் வரை வேலையும் இல்லை, ஊருக்கும் போக முடியாது. குற்றம் உறுதியானால் பெர்மிட் ரத்தாகித் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி இங்கே வேலைக்கு வரும் வழியும் அடைபட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஷின் மெஷினாகச் சுற்றி மிச்சம் தேடுகிறவர்களில் பலர் முன்பு அதே மெஷினில் தோற்றவர்கள். கிடைத்த மூன்று வெள்ளியையும் அங்கேயே செருகுகிறார்கள். அந்த நிலையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. காசினோவுக்குள் தன்னை விடவேண்டாம் என்று அவரே பதிவு செய்துகொள்ளலாம், வெளிநாட்டவரும் செய்யலாம். சிங்கப்பூரில் குடும்பம் இருப்பவருக்குக் குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம்.

சரி, பொறுக்குவதில் பயனில்லை என்றால் இந்த விவரமெல்லாம் எதற்கு? உங்கள் சொந்தச் சட்டைப் பைக்கும், அறையில் இருக்கும் பத்துப் பேரின் சட்டைப் பைக்கும்தான். பரிசைக் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் கடைசியில் டோட் போர்டு என்ற அரசு வாரியம் வழியாக நற்பணிகளுக்குப் போகிறது, வீணாகவில்லை. ஆனாலும் உங்கள் 60 வெள்ளி உங்களிடம் இருப்பதே முறை.

குலுக்கல் நடந்த நாளிலிருந்து 180 நாள்தான் கெடு. ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றிரண்டு நாள் தவறிப்போகும். ஜனவரி 1ஆம் தேதிக் குலுக்கல் என்றால் ஜூன் முடிவதற்குள் கெடு முடிந்துவிடும். சேர்ந்து கிடக்கும் சீட்டுகளை முதலில் குலுக்கல் தேதிப்படி பிரியுங்கள். கெடு கடந்ததைக் கழித்துவிடுங்கள். குலுக்கல் இன்னும் நடக்காததைத் தனியே வையுங்கள். மீதியை பூல்ஸ் இணையத்தளத்தில் அந்தத் தேதியின் முடிவோடு ஒப்பிடுங்கள். ஐ-பெட், சிஸ்டம், ரோல் என்று அச்சான எதையும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கவுண்டரில் கொடுத்தால் பார்கோடை வருடிச் சொல்லிவிடுவார்கள். குலுக்கல் நாள் சாயங்காலம் வரிசை நீளமாக இருக்கும். செவ்வாய், வெள்ளி காலையில் போனால் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

சீட்டு அச்சாவது வெப்பத்தால் கறுக்கும் தாளில். மையே கிடையாது, தாள்தான் சூட்டில் நிறம் மாறுகிறது. அதனால் சூடு பட்டால் முழுச் சீட்டும் கறுத்துப் போகும். லாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைப்பது, சட்டையோடு சேர்த்து இஸ்திரி போடுவது, நனைந்த சீட்டை முடி உலர்த்தும் கருவியால் காயவைப்பது மூன்றும் சீட்டைக் கெடுக்கும். நனைந்துவிட்டால் இரண்டு மெல்லிய காகிதத்துக்கு நடுவே வைத்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்து, நிழலில் காயவிடுங்கள். எண்ணெய்க் கையும், கைத்தூய்மி திரவமும், பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் வைப்பதும் எழுத்தை மங்கச் செய்யும். பர்ஸில் காகித உறைக்குள் வைப்பது நல்லது. வாங்கியதுமே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள், பின்னால் பேரும் எழுதிவிடுங்கள். படம் இருக்கிறது என்பதற்காகச் சீட்டில்லாமல் பணம் தந்துவிடமாட்டார்கள். தொலைந்துபோய்ப் புகார் கொடுக்க நேர்ந்தால் வரிசை எண் கையில் இருக்கும், அவ்வளவுதான். கிழிந்து பார்கோடு படிக்காமல் போனால் துண்டுகளை ஒட்டாமல், அப்படியே ஓர் உறையில் போட்டு 210 மிடில் ரோட்டில் இருக்கும் பூல்ஸ் கட்டடத்துக்குக் கொண்டுபோங்கள். படிக்க முடியாத சீட்டுக்குப் பணம் மறுக்கப்படலாம், ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கடைசியாக, பரிசுச் சீட்டை விற்க வருகிறவர்கள். 250 வெள்ளிப் பரிசு, என்னிடம் நேரமில்லை, 150 கொடுத்தால் போதும் என்று ஒருவர் சீட்டை நீட்டினால் வாங்காதீர்கள். கெடு கடந்ததாக இருக்கலாம், ஸ்மால் கட்டிய எண் ஸ்டார்ட்டரில் வந்ததாக இருக்கலாம், தேதியையோ ஓர் இலக்கத்தையோ திருத்தியதாக இருக்கலாம், திருடியதாகவும் இருக்கலாம். திருத்திய சீட்டைத் தெரிந்தே கவுண்டரில் நீட்டுவது 420ஆம் பிரிவின் ஏமாற்றுக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. தெரியாமல் நீட்டினாலும், முதலில் உட்கார வைத்து விசாரிப்பது சீட்டை நீட்டியவரைத்தான். அவருக்கு உண்மையிலேயே நேரமில்லை என்றால் கடைக்குக் கூடவே வரச் சொல்லுங்கள், அவர் பேரிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.